தூங்குமூஞ்சி, எழுந்திரு!

என் மருமகளை நான் திட்டினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பஸ் கண்டக்டர் வேலை பார்க்கிறவள் நான். முன்வாசலில் நின்றுகொண்டு பின்வாசலில் தொங்குகிறவனை உள்ளே வரவைக்கிற குரல் இது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா?

ஆனாலும் கீழ்வீட்டு ஹவுஸ்ஓனர் அம்மா ஒரு நாள் மூச்சு வாங்கப் படியேறி வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைக் கேட்ட கேள்வி இருக்கிறதே, நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"ஏங்க, நீங்கல்லாம் ஒரு மனுஷியா? அந்தப் பொண்ணு மொட்டை மாடியில கையில குச்சியோட அசையாம நிக்குது. நீங்க பின்னாடி நின்னுக்கிட்டு வாய்க்கு வந்தபடி திட்டறீங்க. தினம் தினம் இதே கூத்து. இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மாமியாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகளே ஓடிவந்தாள். முகமெல்லாம் வியர்வை. கையில் அந்தக் குச்சி. குச்சி இல்லை, கொடி.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. நான்தான் அத்தையைத் திட்டச் சொன்னேன். இன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கு, அதனால கம்மியாத்தான் திட்டினாங்க."

ஹவுஸ்ஓனர் அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். இரண்டு பேருக்குமே கழன்றுவிட்டது என்று அன்றைக்கு முடிவு கட்டியிருப்பார்.

விஷயம் இதுதான். என் மருமகள் கால்பந்து நடுவர். விசில் ஊதுகிற நடுவர் இல்லை. மைதானத்தின் ஓரக் கோட்டிலேயே கொடியோடு ஓடுகிற துணை நடுவர். நாட்டின் முதல் டிவிஷன் லீக்கில் அந்த வேலை பார்க்கிற ஒரே பெண். கல்யாணத்துக்குப் பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று என் அக்கா கேட்டபோது, "கொடி தூக்குறா" என்றேன். "எந்தக் கட்சி?" என்று கேட்டாள்.

அவள் வேலையை எனக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருவன் பந்தை உதைக்கிறான். அவன் உதைக்கிற அந்த நொடியில், எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி அவனுடைய கூட்டாளி முன்னால் போய் நின்றிருந்தால் அது ஆஃப்சைடு. அப்புறம் அவன் கோல் போட்டாலும் செல்லாது. உதைத்த பிறகு தாண்டி ஓடினால் குற்றமில்லை. எனக்கு இது பஸ் வழியாகத்தான் விளங்கியது. பஸ் நிற்கும்போது ஏறினானா, நகர்ந்த பிறகு தாவினானா? தாவினவன் சத்தியம் பண்ணுவான், நின்னபோதுதான் ஏறினேன் என்று. பார்த்தவள் நான் ஒருத்திதான். இவளுக்கும் அதே தலைவலி. கண் கோட்டின் மேல் இருக்க வேண்டும், காது பந்தின் மேல் இருக்க வேண்டும். உதையின் சத்தம் காதில் விழுந்த அந்த நொடியில் வரிசை எப்படி இருந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

சின்ன மைதானங்களில் அது சரிப்பட்டது. பெரிய ஸ்டேடியத்துக்குப் போனபோதுதான் வினை வந்தது. போன சீசனில் ஒரு முக்கியமான ஆட்டம். காது கிழிகிற கூச்சல். ஒருவன் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று பந்தை வாங்கிக் கோல் போட்டான். இவள் கொடி கீழேயே இருந்தது. அன்றைக்கு டிவியில் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். மறுவாரமே அவளை இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்துகொண்டாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கவனிக்கலையா?" என்றேன். எனக்கு நாசூக்காகக் கேட்கத் தெரியாது.

"கவனிச்சேன் அத்தை. உதை சத்தம் கேக்கல. ஆனா ஓரக்கண்ணுல பார்த்துட்டேன். தப்புன்னு நல்லாத் தெரியும். அத்தனை பேரு கத்தறாங்களா, கை மேல வரல. யாரோ பிடிச்சு அமுக்கின மாதிரி இருந்துச்சு." தன் வலது கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்னொரு தடவை அந்த மாதிரி சத்தத்துல இந்தக் கை வரலன்னா, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு அர்த்தம். நானே விட்டுடுவேன்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத முடியாமல் நின்றிருக்கிறேன். அதனால் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை.

"சத்தம்தானே பிரச்சினை? அது எங்கிட்ட நிறைய இருக்கு. எந்திரி."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஹாலில் டிவியில் பழைய ஆட்டங்களைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தோம். இவள் கொடியைத் தூக்கினாள், ஃபேன் இறக்கை வளைந்தது. அதனால் மாடிக்குப் போனோம். கவிழ்த்த வாளியின் மேல் லேப்டாப். அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் என் மகன் பொறுப்பு. இவள் கொடியோடு நிற்பாள். நான் அவள் பின்னால் நின்று, என் வேலைக்காலத்தில் பயணிகளிடம் வாங்கினதையும் பயணிகளுக்குக் கொடுத்ததையும் சேர்த்துவைத்து அவள் காதிலேயே இறக்குவேன்.

"கண்ணு ரெண்டும் மூஞ்சில தைச்ச பட்டனா? காது எதுக்கு, கம்மல் மாட்டறதுக்கா? மூஞ்சியைப் பாரு, மழையில நனைஞ்ச டிக்கெட் மாதிரி!"

முதல் வாரம் அவள் கை நடுங்கியது. இரண்டாவது வாரம் சிரித்துவிட்டாள், அதுவும் தப்பு. போகப் போகச் சிரிப்பும் நின்றது, நடுக்கமும் நின்றது. அவளுக்கு ரொம்பப் பிடித்த திட்டு ஒன்று உண்டு. கடைசி ஸ்டாப்பிங்கில் குறட்டை விடுகிறவனை எழுப்ப நான் போடுகிற சத்தம் அது. அதை ராகம் போட்டுத்தான் சொல்வேன்.

"தூங்குமூஞ்சி, எழுந்திரு! ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்கிடு!"

அதைச் சொன்னால் அவள் தோள் அப்படியே தளர்ந்து நேராகும். "இன்னொரு தரம் சொல்லுங்க அத்தை" என்பாள். ஊரில் எந்த மருமகள் கேட்டு வாங்கித் திட்டு வாங்குகிறாள், சொல்லுங்கள்.

இந்த சீசன் பாதியில் அவளை முதல் டிவிஷனுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். அப்புறம்தான் அந்த போன் வந்தது. லீக்கின் கடைசி நாள். பட்டம் யாருக்கு என்று முடிவாகிற ஆட்டம். நீலச்சட்டை அணியும் மஞ்சள்சட்டை அணியும் மோதுகின்றன. நீலம் ஜெயித்தால் நீலம் சாம்பியன். சமன் ஆனால் கூட மஞ்சள் சாம்பியன். அதில் கிழக்குப் பக்கக் கோட்டுக்குக் கொடி பிடிக்க என் மருமகள்.

நான் கையிலிருந்த கரண்டியோடு அவளைக் கட்டிக்கொண்டேன். என் மகன் முகத்தில் ஈயாடவில்லை.

ஏனென்றால் அவன் நீலம். சாதாரண நீலம் இல்லை, ரத்தத்திலேயே நீலம். பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். ஷட்டர் நீலம், ஸ்பானர் மாட்டுகிற பலகை நீலம். அவன் அப்பாவும் அப்படித்தான். எங்கள் கல்யாண போட்டோவில் கோட்டு சூட்டுக்குள்ளே என் வீட்டுக்காரர் போட்டிருப்பது அந்த அணியின் பனியன். அந்த அணி பட்டம் வாங்கிப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார். மகன் பிறந்ததிலிருந்து அவனும் பார்த்ததில்லை. இவ்வளவுக்கும் அது எங்கள் ஊர் அணிகூடக் கிடையாது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும்.

"உனக்கு எந்த அணியும் கிடையாதுன்னு லீக்குக்கு எழுதிக் கொடுத்திருக்கியேடி. எனக்கு உண்டான்னு அவங்க கேக்கலையா?" என்றான் அவளிடம்.

"கேக்கல. கேட்டிருந்தாலும் உங்களுக்கு ஃபுட்பால் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்."

அன்றிலிருந்து வீட்டில் கால்பந்துப் பேச்சு நிறுத்தம். இருவரும் பருப்பு விலை பேசினார்கள், மழை பேசினார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் அவள் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்தை, நீங்களும் அவரும் எப்படியும் நீலக்காரங்க கேலரியிலதான் உக்காரப் போறீங்க. அது என் கோட்டுக்கு நேர் பின்னாடி. அங்கேருந்து திட்டுங்க. உங்க குரல் கேட்டா மாடியில நிக்கற மாதிரி இருக்கும்."

"அவ்வளவுதானே? உன்னைத் திட்ட எனக்குச் சொல்லித்தரணுமா?" என்றேன்.

போய் உட்கார்ந்தோம். எங்கே பார்த்தாலும் நீலம். எனக்கு இடப்பக்கம் மகன், வலப்பக்கம் வயிற்றின் மேல் ஒரு டிரம்மை மாட்டிக்கொண்டிருந்த தடியான ஆள். அவர் டிரம்மை ஒரு தட்டுத் தட்டினால் பின்னால் அந்தக் கேலரியே கையைத் தட்டியது. எங்களுக்குக் கீழே, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், என் மருமகள். கூந்தலை இறுக்கி முடிந்திருந்தாள். கொடி காலோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

முதல் பாதியில் மஞ்சள்காரர்கள் எங்கள் பக்கமாக ஏறி வந்தார்கள். ஒருவன் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினான், கோல் போட்டான். கேலரி முழுக்க "ஆஃப்சைடு!" என்று அலறியது. இவள் கொடியைத் தூக்கவில்லை. நடுக்கோட்டைப் பார்த்து ஓடினாள், கோல் கோல்தான் என்று. என் மகன் முனகினான், "சரிதாம்மா. அவன் பின்னாடிதான் இருந்தான்." நீலக்காரன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்கு என்ன பாடு பட்டிருக்கும்!

சுற்றிலும் அவளைத் திட்ட ஆரம்பித்தார்கள். அந்தத் திட்டெல்லாம் என் காதுக்கு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. என் முறை வந்தது என்று எழுந்தேன்.

"கண்ணு ரெண்டும் மூஞ்சில தைச்ச பட்டனா!"

டிரம்காரர் திரும்பினார். "அம்மா! செம வாய் உங்களுக்கு!"

"காது எதுக்கு, கம்மல் மாட்டறதுக்கா!"

அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஒரு பொட்டலம் கடலையை என் மடியில் வைத்தார். "அம்மா, டிரம்முக்கு ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு எடுத்துவிடுங்க."

எனக்கும் தலைகால் புரியவில்லை. பாராட்டு யாரைத்தான் விட்டது? எடுத்துவிட்டேன்.

"தூங்குமூஞ்சி, எழுந்திரு! ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்கிடு!"

டம், டம், டடடம் என்று அவர் அடித்தார். மறுபடி சொன்னேன். பின்வரிசை வாங்கிக்கொண்டது. அதற்குப் பின்வரிசையும் வாங்கிக்கொண்டது. கீழே என் மருமகளின் தோள் தளர்ந்து நேரானதை நான் ஒருத்திதான் கவனித்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறின. இப்போது நீலக்காரர்கள் எங்கள் பக்கமாகத் தாக்க வந்தார்கள். மூலையிலிருந்து உதைத்த ஒரு பந்தைத் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார்கள். ஆட்டம் சமன். என் மகன் முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தான். இன்னும் ஒரே ஒரு கோல் வேண்டும், அவன் அப்பா பார்க்காமல் போனதை அவன் பார்த்துவிடுவான்.

நேரம் போகப் போக நீலக்காரர்கள் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி ஆடினார்கள். பந்து வெளியே போனாலும் திட்டு அவளுக்குத்தான், உள்ளே வந்தாலும் திட்டு அவளுக்குத்தான். என் பாட்டு எங்கள் கேலரியைத் தாண்டி அடுத்த கேலரிக்குப் போனது. அங்கிருந்து எதிர்ப்பக்கத்துக்கும் போனது. ஸ்டேடியமே ஒரே குரலில், தூங்குமூஞ்சி, எழுந்திரு! அப்போதுதான் எனக்குள் என்னவோ இடறியது. நான் சொல்கிறபோது அது வீட்டுச் சத்தம். இவர்கள் சொல்கிறபோது அதில் வேறு என்னவோ இருந்தது. முகத்தைப் பார்த்தால் தெரிகிறதே, இவர்கள் நிஜமாகவே அவளை இறங்கிப் போகச் சொல்கிறார்கள். நான் பாடுவதை நிறுத்தினேன். நான் நிறுத்தினால் என்ன, பஸ் கிளம்பிவிட்டது. போன வருஷம் எந்தச் சத்தம் அவள் கையை அமுக்கியதோ, அதைவிடப் பெரிய சத்தத்தை இந்த வருஷம் நானே என் வாயால் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"என்னம்மா நிறுத்திட்டீங்க?" என்றார் டிரம்காரர்.

"தொண்டை வத்திடுச்சு."

தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடிக்கப் பிடிக்கவில்லை.

கடைசி நிமிஷங்கள். நடுவிலிருந்து ஒருவன் பந்தைத் தூக்கி உதைத்தான். நீலத்தில் கொக்கு என்று ஒருவன் இருக்கிறான், காலே கழுத்துவரை இருக்கும். அவன் பிய்த்துக்கொண்டு ஓடினான். கோல்கீப்பர் பாய்ந்தான். கொக்கு அவனுக்கு மேலாகத் தட்டினான். வலை குலுங்கியது.

ஐயோ, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! டிரம்காரர் டிரம்மோடு சேர்த்து என்னையும் தூக்கிவிட்டார். என் மகன் அழுதான். "அப்பா, அப்பா" என்று அவன் கத்தியது எனக்குக் கேட்டது. நான் மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கோட்டைத்தான் பார்த்தேன்.

அவள் ஓடவில்லை. நின்றுவிட்டாள். கொடி மேலே இருந்தது.

அரைகுறையாகத் தூக்கவில்லை. கை நேராக, காதை ஒட்டி, மாடியில் நின்றபடியே நின்றாள். ஸ்டேடியமே குதிக்கிறது. அவள் ஒருத்தி அசையவில்லை. பெரிய ரெஃப்ரி நடுவட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தவர், கொடியைப் பார்த்தார். விசில் ஊதினார். கோல் இல்லை.

எனக்கு அந்த நிமிஷம் நீலமாவது மஞ்சளாவது! கை வந்துவிட்டது. அவள் கை வந்துவிட்டது! நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது பெருமையில்.

அப்புறம் நடந்ததைக் கேட்காதீர்கள். நீலச்சட்டைக்காரர்கள் மொத்தமாக அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கேப்டன் மூக்கோடு மூக்கு வைத்துக் கத்தினான். அவள் ஒரே ஒரு தடவை கொடியை நீட்டி, அவன் எங்கே நின்றான் என்று காட்டினாள். மறுபடி கீழே இறக்கிக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். இந்த லீக்கில் டிவியைத் திருப்பிப் பார்த்து முடிவை மாற்றுகிற வசதியெல்லாம் கிடையாது. அவள் சொன்னதுதான். வேலிக்கு மேலாகப் பாட்டில்கள் பறந்தன. கேலரி முழுக்க என் பாட்டு, இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு.

டிரம்காரர் வேர்த்து விறுவிறுத்து என்னைப் பார்த்துத் திரும்பினார். கண்ணெல்லாம் சிவப்பு. "அம்மா, இப்பத் திட்டுங்கம்மா! இருக்கறதுலயே மோசமானதை எடுத்துவிடுங்க!"

நான் பெஞ்சு மேல் ஏறினேன். பின்வாசலில் தொங்குகிறவனைக் கூப்பிடுகிற குரலை எடுத்தேன்.

"நிறுத்துய்யா டிரம்மை! அவ என் மருமக!"

டிரம் நின்றது. எங்களைச் சுற்றி நாலைந்து வரிசை அப்படியே என் பக்கம் திரும்பியது.

"மரு... மகளா?" என்றார். "அப்ப இவ்வளவு நேரம் நீங்க திட்டினது?"

"அது எங்க வீட்டு விஷயம். நான் திட்டுவேன். நீ திட்டக் கூடாது. அவ கொடியைத் தூக்கினா தூக்கினதுதான். பாட்டில் எறியறவன் எவன்டா அங்க? கீழ வை!"

எறியப்போனவன் நிஜமாகவே கீழே வைத்தான். நான் எந்த வேகத்தில் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்!

என் மகன் உட்கார்ந்துவிட்டிருந்தான். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு, "கொக்கு தாண்டியிருந்தானாம்மா?" என்றான் மெதுவாக.

"எனக்கென்னடா தெரியும்? நான் அவனைப் பார்க்கல. உன் பொண்டாட்டியைத்தான் பார்த்தேன்."

அவன் எழுந்து என் பக்கத்தில் ஏறி நின்றான், பின்னாலிருந்து எது பறந்து வந்தாலும் அவன் முதுகில் விழுகிற மாதிரி.

ஆட்டம் சமனில் முடிந்தது. மஞ்சள்காரர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். நீலக் கேலரி இழவு வீடு போல இருந்தது. டிரம்காரர் போனை முகத்துக்குக் கிட்டே வைத்து எதையோ திருப்பித் திருப்பி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதை என் மகனிடம் நீட்டினார். பந்தை உதைக்கிற நொடியில் நிறுத்தி வைத்திருந்தார். கோடு மாதிரி நிற்கிற மஞ்சள் தடுப்பு வரிசை. அதைத் தாண்டி கொக்கின் ஒரு முட்டி.

"முட்டி" என்றான் என் மகன். "ஒரு முட்டிதாம்மா."

"ஒரு முட்டிதான் தம்பி" என்றார் டிரம்காரர். என்னைப் பார்த்தார். "இந்தச் சத்தத்துல எப்படிம்மா அதைப் பார்த்துச்சு உங்க மருமக? எங்க வயித்துல அடிச்சிடுச்சும்மா. ஆனா சரியாத்தான் அடிச்சிருக்கு." டிரம்மைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். மீதிக் கடலையை என்னிடமே விட்டுவிட்டார்.

நடுவர்கள் வெளியே வருகிற வாசலில் காத்திருந்தோம். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். என் வேலைக்காலத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. வெயில் இறங்கிய பிறகு, ஒரு போலீஸ்காரப் பெண் கூட வர, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கண் முதலில் புருஷனிடம்தான் போனது.

அவன் கிட்டே போய்ப் பையை வாங்கிக்கொண்டான். "என் வாழ்க்கையிலேயே இவ்வளவு வலிச்சதில்லடி" என்றான். "இவ்வளவு பெருமையாவும் இருந்ததில்ல. ரெண்டும் ஒண்ணா வருது, நான் என்ன பண்ண?"

"ரெண்டையும் வெச்சுக்கோங்க" என்றாள் அவள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் சட்டையிலேயே முகத்தைத் துடைத்தாள், நீலச்சட்டை என்றுகூடப் பார்க்காமல்.

நான் தொண்டையைச் செருமினேன். "நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கூட்டத்துக்கு வாய் கத்துக்கொடுத்தது நான்தான். டிரம்மைக் கேட்டதும் புத்தி கெட்டுப்போச்சு. அத்தனை பேரும் அதைச் சொல்லி உன்னை..."

"தெரியுமே. வேற யாருக்கு வரும் அந்த ராகம்?"

"கோபமா?"

"அத்தை, நான் எதைப் பத்திப் பயந்துக்கிட்டே போனேன் தெரியுமா? ஸ்டேடியம் சத்தத்துல உங்க ஒரு குரல் எனக்குக் கேக்காதேன்னுதான். கடைசியில அந்தப் பந்தை அவன் உதைக்கறான், மைதானமே தூங்குமூஞ்சி எழுந்திருன்னு கத்துது. எனக்குச் சுத்தி நம்ம மாடிதான். வாளி, தொட்டி, லேப்டாப்பு. கை தானா வந்துடுச்சு." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் ஒருத்தரு நிறுத்துய்யா டிரம்மைன்னாங்க. அது இன்னும் நல்லாக் கேட்டுச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை என்று என் மகன் சொன்னான். அவனுக்கு எப்போதும் குசும்பு.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறினோம். பாதி வண்டி நீலச்சட்டைகள், எல்லார் முகமும் தொங்கிக்கிடந்தது. மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள், வாயைத் திறந்துகொண்டு. முன்சீட்டில் ஒருவன் ஆரம்பித்தான்.

"யார்றா அந்த லைன் பொம்பளை? எங்கேருந்துடா புடிச்சாங்க?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் என் மகன் எழுந்துவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவனுடைய அந்த நீலச்சட்டையோடு, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"என் பொண்டாட்டி. இதோ தூங்கறா. முட்டி தாண்டியிருந்துச்சு, போன்ல பார்த்துக்கோங்க. மெதுவாப் பேசுங்க."

இவனுக்கு என் குரல் வந்திருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். பிறகு அந்த முன்சீட்டுக்காரன் எட்டித் திரும்பி அவளைப் பார்த்தான். தன் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவனிடம், "டேய், மெதுவா" என்றான்.

எங்கள் ஸ்டாப்பிங் வந்தது. மகன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். இவள் அசையவே இல்லை. தோளைத் தொட்டேன், கன்னத்தைத் தட்டினேன். அந்த வலது கை மட்டும் மடியில், விரல்கள் மடங்கி, இன்னும் கொடியைப் பிடித்திருக்கிற மாதிரியே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து அவள் காதில், எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"தூங்குமூஞ்சி, எழுந்திரு. ஸ்டாப்பிங் வந்தாச்சு."